குவெஸ்ட் 3: அந்தச் சின்னச் சக்கரத்துக்கே 200 டாலர் தகும்

மெட்டாவின் குவெஸ்ட் 3, அதன் மலிவுப் பதிப்பான 3எஸ், இரண்டும் தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட்கள். இவற்றின் விலை குறையும்போதெல்லாம் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "3எஸ் போதுமா, இல்ல 3 தான் வாங்கணுமா?" இரண்டிலும் சிப் ஒன்று, 8 ஜிபி ரேம் ஒன்று, எடையில் ஒரே ஒரு கிராம் வித்தியாசம். இதெல்லாம் கேட்பவருக்கே தெரியும். அதனால் நான் பதிலுக்குக் கேட்பது: உங்கள் கண்மணி இடைவெளி எத்தனை மில்லிமீட்டர்? அதாவது இரண்டு கண்மணிகளின் நடுப்புள்ளிகளுக்கும் இடையில் உள்ள தூரம். கண்ணாடி போடுபவர்களுக்குக்கூட இது தெரிந்திருப்பதில்லை. கடைக்காரர் அளந்து தன் சீட்டில் குறித்துக்கொண்டதோடு சரி.

குவெஸ்ட் 3-இன் அடிப்பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. புதிதாக வந்த நாளில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மாதக்கணக்கில் பயன்படுத்தினால்தான் அதன் அருமை தெரியும். ஹெட்செட்டைத் தலையில் மாட்டியபடியே அதை உருட்டலாம். லென்ஸ் இரண்டும் நெருங்கும் அல்லது விலகும், எத்தனை மில்லிமீட்டர் என்று கண்ணெதிரே எண் தெரியும். எழுத்து மங்கலாக இருந்து சட்டென்று கூர்மையாகும் இடம் வரும்போது, அதுவரை கண் எவ்வளவு சிரமப்பட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைக்கும். பொருந்தும் என்று தயாரிப்பாளர் சொல்லும் கண்மணி இடைவெளி 53 முதல் 75 மி.மீ. வரை. பெரியவர்களில் மிகப் பெரும்பாலானோர் இதற்குள் அடங்கிவிடுவார்கள்.

3எஸ்-இல் இந்தச் சக்கரம் கிடையாது. குவெஸ்ட் 2-இல் இருந்த அதே ஏற்பாடுதான்: லென்ஸைக் கையால் பிடித்துத் தள்ளினால் 58, 63, 68 என்ற மூன்று நிலைகளில் ஒன்றில் போய் உட்காரும். ஊருக்கே மூன்று அளவில் மட்டும் செருப்பு தைத்து விற்பதைப் போன்றது இது. மாற்ற வேண்டுமானால் ஹெட்செட்டைக் கழற்ற வேண்டும். எனவே பார்த்துக்கொண்டே சரிசெய்யும் வசதியும் போய்விடுகிறது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 3-இல் இருப்பது பான்கேக் லென்ஸ், ஒளியை உள்ளேயே மடித்து அனுப்பும் மெல்லிய வகை. கண் சற்று விலகி அமர்ந்தாலும் பெரும்பகுதி தெளிவாகவே தெரியும், அது பிசகைப் பொறுத்துக்கொள்ளும். 3எஸ்-இல் இருப்பது ஃப்ரெனல் லென்ஸ், வட்ட வட்டமாக வரிப்பள்ளம் வெட்டிய பழைய வகை. நடுவில் ஒரு சிறு வட்டத்தில்தான் முழுத்தெளிவு. கண் அதிலிருந்து நகர்ந்தால் எழுத்தின் ஓரத்தில் நிறம் பிரியும், இருட்டுக் காட்சியில் வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளிக்கீற்றுகள் கிளம்பும். பிசகைப் பொறுக்கும் லென்ஸுக்கு நுணுக்கமான சக்கரத்தையும், பொறுக்காத லென்ஸுக்கு மூன்றே நிலைகளையும் கொடுத்திருக்கிறார்கள். செலவைக் குறைக்கத் தேர்ந்த இடம் இதுவாக இருந்திருக்கக் கூடாது.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். இடைவெளி 61 உள்ளவர் 63-இல் வைத்தால் ஒரு கண்ணுக்கு 1 மி.மீ. பிசகுதான். பெரும்பாலானோருக்கு அது தாங்கும். 58-க்குக் கீழும் 68-க்கு மேலும்தான் சிக்கல். 54 உள்ளவருக்குக் கண் ஒன்றுக்கு 2 மி.மீ., 72 உள்ளவருக்கும் அதே 2 மி.மீ. அந்த அளவில் இரண்டு பிம்பத்தையும் ஒன்றாக்கக் கண் தசைகள் ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருக்கும். அரை மணி நேரத்தில் நெற்றிப்பொட்டில் வலி, பிறகு குமட்டல். "எனக்கு வி.ஆர். ஒத்துக்காது" என்று ஒதுங்கிவிடுபவர்களில் பலருக்குக் காரணம் இதுவாக இருக்கலாம், யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஆய்வாளர் கே ஸ்டேனியும் அவருடைய குழுவினரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வி.ஆரில் பெண்களுக்குக் குமட்டல் அதிகம் வருவதற்கு முதன்மைக் காரணம் கண்மணி இடைவெளி பொருந்தாததே என்று கண்டார்கள். லென்ஸ் சரியாகப் பொருந்திய பெண்களுக்கு ஏற்பட்ட தொல்லை ஆண்களுக்கு ஏற்பட்டதைப் போலவே இருந்தது. அமெரிக்க ராணுவத்தின் 2012 உடலளவுக் கணக்கெடுப்பில் ஆண்களின் சராசரி இடைவெளி 64.0 மி.மீ., பெண்களின் சராசரி 61.7 மி.மீ. சராசரியில் சிறிய வித்தியாசம்தான். ஆனால் சிறிய இடைவெளி உள்ளவர்களில் பெண்களே அதிகம் என்பதால், கருவியின் கீழ்வரம்பு உயர்வாக இருந்தால் அடிபடுவதும் அவர்களே. பத்துப் பேர் மாறி மாறிப் போடும் கல்லூரி ஆய்வகத்துக்கு ஹெட்செட் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

அளப்பது எளிது. முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் சுமார் 20 செ.மீ. தள்ளி நில்லுங்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுகோலைப் புருவத்தை ஒட்டிக் கிடையாகப் பிடியுங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்மணியின் நடுவில் சுழியத்தை வையுங்கள். தலையையும் அளவுகோலையும் அசைக்காமல் இடது கண்ணை மூடி வலது கண்ணைத் திறந்து, வலது கண்மணியின் நடுவில் நிற்கும் எண்ணைப் படியுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் போதும். கண்ணாடிக் கடைச் சீட்டில் 31/32 என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள், 63. படிப்பதற்கான, அருகில் பார்க்கும்போது எடுத்த அளவு என்று தனியாக ஒன்று இருந்தால் அதை எடுக்க வேண்டாம், அது சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்.

எண் கிடைத்தவுடன் சக்கரத்தை அதில் வைத்துவிட்டு விளையாட உட்கார்ந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. லென்ஸுக்கு மேல்கீழ் திருகாணி கிடையாது, அதைப் பட்டையால்தான் சரிசெய்ய வேண்டும். பின்பட்டை பின்மண்டையின் எலும்பு மேட்டுக்குக் கீழே இறங்கி உட்காரட்டும். அடுத்து உச்சிப்பட்டையை இழுத்துக் கட்டுங்கள், எடையில் பெரும்பங்கை அதுதான் தாங்க வேண்டும். பக்கப்பட்டையை இறுக்குவது கடைசியில், அதுவும் நழுவாத அளவுக்கு மட்டும். மெனுவில் ஒரு சிறிய எழுத்தைப் பார்த்தபடி ஹெட்செட்டை மெல்ல மேலும் கீழும் நகர்த்தி, தெளிவான இடத்தில் நிறுத்தியபின் சக்கரத்துக்கு வாருங்கள். இந்த வரிசை மாறினால் மேல்கீழ்ப் பிசகால் வந்த மங்கலை இடைவெளிப் பிசகு என்று நினைத்துச் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள். முடிவில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் மங்கினால் ஹெட்செட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி போடுபவர்கள் முகப்பஞ்சின் ஆழத்தையும் மாற்ற வேண்டும், 3-இல் நான்கு நிலைகள் உண்டு. மூக்குக்கண்ணாடி ஹெட்செட்டின் லென்ஸில் உரசினால் விழும் கீறல் போகவே போகாது, லென்ஸ் பிளாஸ்டிக்.

புழுக்கமான ஊர்களில் இன்னொரு தொல்லை, லென்ஸில் ஆவி படிவது. ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த லென்ஸில் முகத்தின் ஈரக்காற்று பட்டால் படியத்தான் செய்யும். போடுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஆன் செய்து வைத்தால் உள்சூடே லென்ஸை வெதுவெதுப்பாக்கிவிடும். துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும், ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். ஜன்னலோரம் வைக்காதீர்கள். வெயிலை லென்ஸ் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும்.

சக்கரத்தால் தீராத சங்கதிகளும் இருக்கின்றன. காட்சி எவ்வளவு அருகில் தெரிந்தாலும் கண் குவியம் கொள்ளும் தூரம் மாறுவதில்லை. கண்கள் உள்நோக்கித் திரும்பும், விழிவில்லை பழைய தூரத்திலேயே நிற்கும். இந்த முரண் கண்ணைச் சோர்வாக்கும் என்று 2008-லேயே பார்வை ஆய்வாளர் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் காட்டிவிட்டார்கள். சோதனையாக, ஹெட்செட்டுக்குள் பத்து நிமிடம் வாசிக்க வேண்டிய பக்கத்தை முகத்துக்கு நேரே அரை மீட்டரில் வைத்துப் பாருங்கள், பிறகு ஒன்றரை மீட்டருக்குத் தள்ளி எழுத்தைப் பெரிதாக்குங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

எடையும் அப்படித்தான். 515 கிராமில் பெரும்பகுதி மூக்குக்கு முன்னால் தொங்குகிறது. கூடவே வரும் துணிப்பட்டை அதைச் சமன்செய்யாது, கன்ன எலும்பில் இறக்கி வைத்துவிடும். பின்னால் பேட்டரி வைத்த பட்டை போட்டால் மொத்த எடை கூடினாலும் முன்னிழுப்பு குறையும். இவ்வளவு விலை கொடுத்த பிறகு அதற்கும் தனியாகச் செலவழிக்க வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கம்ப்யூட்டர் திரைக்குப் பதிலாக இதைப் போட்டு நாள் முழுக்க வேலை பார்க்கலாம் என்ற பேச்சையும் நான் நம்பவில்லை. ஜெர்மனியின் கோபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் குவெஸ்ட் 2-ஐ வைத்து, நாளுக்கு 8 மணி நேரம், ஐந்து நாள் வேலை பார்க்கச் செய்தார்கள். 16 பேர் முடித்தார்கள். வேறு இருவர் ஒற்றைத் தலைவலி, குமட்டல், பதற்றம் என்று முதல் நாளே விலகிவிட்டார்கள். முடித்தவர்களும் கண் சோர்வும் மன எரிச்சலும் கூடியதாகவே சொன்னார்கள். 3-இன் லென்ஸ் அதைவிடப் பல மடங்கு மேல் என்றாலும் முகத்தில் தொங்கும் எடை அப்படியேதான் இருக்கிறது.

ஆக, கேட்ட நண்பருக்கு: வீட்டில் போடப்போகும் எல்லாரையும் முதலில் அளந்துவிடுங்கள். அனைவரும் 57-க்கும் 69-க்கும் இடையில் இருந்து, விளையாட்டுக்கு மட்டும் என்றால் 3எஸ் எடுங்கள். 2024-இல் வெளியானபோது அதன் விலை 299 டாலர், அன்றைய 512 ஜிபி 3-ஐவிட 200 டாலர் குறைவு. ஒருவராவது அந்த வரம்புக்கு வெளியே இருந்தால் 3-ஐத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள். வேலைக்கு என்றால், சக்கரத்தை இவ்வளவு புகழ்ந்த நானே சொல்கிறேன், இரண்டும் வேண்டாம், அந்தப் பணத்துக்கு நல்ல மானிட்டர் ஒன்று வாங்குங்கள். 3 வாங்குபவர்களுக்கு ஒன்று: போடுபவர் மாறினால் சக்கரம் தானாகத் திரும்பாது. ஒவ்வொருவர் பெயரையும் எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பட்டையின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.