ஆன்ஃபீல்டா, ஓல்ட் டிராஃபோர்டா? ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்

ஆன்ஃபீல்ட் லிவர்பூல் கால்பந்து அணியின் மைதானம்; ஓல்ட் டிராஃபோர்டு மான்செஸ்டர் யுனைடெட் அணியின் மைதானம். இங்கிலாந்தின் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர்தான். அதற்காக இரண்டு மைதானங்களையும் ஒரே நாளில் அவசர அவசரமாகப் பார்த்து முடிக்க வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எந்த அணியின் ரசிகர் என்பதைவிட, கையில் ஆட்டத்துக்கான டிக்கெட் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

டிக்கெட் கிடைத்தால் ஆன்ஃபீல்ட், யோசிக்கவே வேண்டாம். 1884-இல் திறந்த அந்த மைதானத்தில் முதலில் ஆடியது அதே ஊரின் எவர்ட்டன் அணி. வாடகைத் தகராறில் அவர்கள் வெளியேற, காலியான மைதானத்தில் ஆடுவதற்கென்றே 1892-இல் லிவர்பூல் கிளப் உருவானது. மைதானத்தின் உயிர், கோல் கம்பத்துக்குப் பின்னால் ரசிகர்கள் திரளும் 'காப்' பக்கத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஸ்பியன் காப் குன்றில் 1900-இல் போரில் மாண்ட வீரர்களின் நினைவாக, 1906-இல் எழுந்த பார்வையாளர் மேட்டுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 1994-இல் நின்று பார்க்கும் படிகள் போய் இருக்கைகள் வந்துவிட்டன. ஆனாலும் ஆட்டம் தொடங்கும் முன் அந்தப் பக்கம் முழுவதும் எழுந்து, கழுத்துத் துண்டுகளைத் தலைக்கு மேல் விரித்துப் பாடும்போது மெய்சிலிர்க்கும். ஆட்டமில்லாத நாளில் அதே காப் வெறும் சிவப்பு இருக்கை வரிசைகள்தான். எதிரணியை மிரட்ட, ஆட்டக்காரர்கள் களமிறங்கும் வழியில் லிவர்பூலின் அந்நாளைய மேலாளர் பில் ஷாங்க்லி மாட்டவைத்த 'இது ஆன்ஃபீல்ட்' பலகையும், ஆரவாரம் காதில் விழும்போதுதான் மிரட்டுகிறது. வெளியே ஹில்ஸ்பரோ நினைவிடத்தில், 1989-இல் அந்த மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலால் இறந்த லிவர்பூல் ரசிகர்களின் 97 பெயர்களை மட்டும் எந்த நாளிலும் நின்று வாசியுங்கள்.

டிக்கெட் இல்லை, வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கத்தான் முடியும் என்றால் ஓல்ட் டிராஃபோர்டு. கூட்டம் இல்லாதபோதும் பேசுகிற மைதானம் அது. 1910-இல் அங்கே நடந்த முதல் ஆட்டத்திலேயே யுனைடெட் அணியினர் லிவர்பூலிடம் 4-3 என்று தோற்றார்கள்; இந்தப் பகைக்கு அவ்வளவு வயது! 1941-இல் ஜெர்மானியக் குண்டுகள் மைதானத்தைச் சிதைத்தன. 1949 வரை யுனைடெட் தன் சொந்த ஊர் ஆட்டங்களை மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில்தான் ஆடியது. முதலில் கட்டியதில் இன்று மிஞ்சியிருப்பது தெற்குப் பக்கத்தின் நடுவே உள்ள பழைய சுரங்கவழி மட்டுமே. குறுகலான அந்த வழியில் நடக்கும்போது, எத்தனை தலைமுறை ஆட்டக்காரர்கள் இதே வழியாக ஓடி வந்திருப்பார்கள் என்று மனம் கனத்துப்போகும். வெளியே 'பிப்ரவரி 6, 1958, மியூனிக்' என்று பொறித்த கடிகாரம். அன்று யுனைடெட் அணி சென்ற விமானம் அங்கே விபத்துக்குள்ளானது; அதில் இறந்த 23 பேரில் 8 பேர் யுனைடெட் ஆட்டக்காரர்கள்.

போய்ச்சேர ஓல்ட் டிராஃபோர்டுதான் எளிது. டிராமிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். ஆன்ஃபீல்டுக்கு நகர மையத்திலிருந்து பஸ்.

ஓல்ட் டிராஃபோர்டுக்குப் பக்கத்திலேயே 1,00,000 பேர் அமரும் புதிய அரங்கம் கட்டப்போவதாக 2025-இல் யுனைடெட் அறிவித்துவிட்டது. அந்தச் சுரங்கவழியைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.