ஜன்னல் சட்டத்துக்குச் சரி, அடிமரத்துக்கு வேண்டாம்: அபாட்ரான் எபாக்ஸி

அமெரிக்காவின் மத்திய மேற்கில் 19ஆம் நூற்றாண்டுக் குடியேறிகள் கட்டிய மரப் பண்ணை வீடுகளைப் பழுதுபார்ப்பவர்கள் அபாட்ரான் நிறுவனத்தின் லிக்விட்வுட், வுட்எபாக்ஸ் என்ற எபாக்ஸிப் பிசின்கள் இரண்டையும் நன்கு அறிவார்கள். முன்னது இற்ற மரத்துக்குள் ஊறி இறுகும் திரவம்; பின்னது பள்ளத்தை நிரப்பும் பட்டி. ஒவ்வொன்றும் இரண்டு டப்பாக்களாக வரும், சம அளவில் கலக்க வேண்டும்.

ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் வேலை அருமை. அந்தக் காலத்து மரம் மெதுவாக வளர்ந்து, வளையங்கள் நெருங்கி, வைரம் பாய்ந்தது. பெரும்பாலும் தண்ணீர் நிற்கும் முன்விளிம்பு மட்டும்தான் இற்றிருக்கும். அதற்காக முழுச் சட்டத்தையும் பிடுங்கி, இன்று கடையில் கிடைக்கும் பைன் பலகையைப் போடுவது நஷ்டம்.

தொட்டால் உதிர்வதை மட்டும் சுரண்டி எடுங்கள். மெத்தென்று இருந்தாலும் நார் விடாத பகுதி இருக்கட்டும். திரவம் ஊறுவது அதில்தான். 6 மி.மீ. துளைகளை ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக, வரிசை மாற்றி, மறுபக்கம் வெளிவராதபடி போடுங்கள். கீழே கசியும் விரிசல்களைப் பிள்ளைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணால் அடைத்துவிட்டு, மரம் குடிப்பது நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பிசுபிசுப்பு போவதற்குள் பட்டியை அப்ப வேண்டும். இறுகிய பிறகு இழைக்கலாம், ஆணியும் அடிக்கலாம்.

சொதப்பல் பெரும்பாலும் ஈரத்தால் வருகிறது. ஈரமானியில் 15 சதவீதத்துக்கு மேல் காட்டினால் தார்ப்பாய் கட்டிக் காயவிடுங்கள். ஈர மரத்தில் திரவம் இறங்காது. மேலே ஓடுகட்டி நிற்கும், அடியில் பூஞ்சை தன் வேலையைத் தொடரும். கண்ணளவாகக் கலந்தால் பசையாகவே கிடக்கும். ஆழமான கிண்ணத்தில் நிறையக் கலந்தால் தன் சூட்டிலேயே கட்டியாகிவிடும், அகன்ற தட்டுதான் நல்லது. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேலையே வேண்டாம்.

முழு மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய சுவர்களில், எல்லாவற்றுக்கும் கீழே கிடக்கும் அடிமரத்துக்கும் இதையே ஊற்றுகிறார்கள். அங்கே நமக்கு உடன்பாடில்லை. சுவரின் பாரம் முழுக்க அதன் மேல் இறங்குகிறது; மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். எபாக்ஸி மரத்தோடு சேர்ந்து உப்புவதுமில்லை, சுருங்குவதுமில்லை. ஒட்டிய இடத்தில் கீறல் விட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். சுவரை ஜாக்கியால் தாங்கி, இற்ற பகுதியை அறுத்து, அதே சாதி மரத்தை ஒட்டுப்போடுவதுதான் முறை. அதற்கு முன் கூரைத் தண்ணீரும் தரைச் சரிவும் வீட்டைவிட்டு வெளியே போகும்படி செய்தாக வேண்டும்.

வெயிலில் எபாக்ஸி கெடும் என்பதால் பெயின்ட் கட்டாயம். பழைய பெயின்டைச் சுரண்டும்போது எச்சரிக்கை: அமெரிக்க வீடுகளில் ஈயப் பெயின்ட் தடையானது 1978இல்தான். உலர்ந்த உப்புத்தாள் போடாமல், நனைத்துச் சுரண்டி, தூசியைப் பிளாஸ்டிக் விரிப்போடு சுருட்டி எடுங்கள்.