கல்லூரி வளாகத்துக்கு எது: சுவரோவியமா, கருங்கல்லா, மண் குதிரையா?

கல்லூரியில் கலைப்படைப்பு ஏதாவது வைக்கலாம் என்று பேச்செடுத்தால் யாராவது ஒருவர் நேராக நிறுவனர் சிலைக்குப் போய்விடுவார். மார்பளவுச் சிலை, சுற்றிலும் சங்கிலி, திறந்துவைத்தவர் பெயரோடு சிலையைவிடப் பெரிய கல்வெட்டு. அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

சுவரோவியம்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. 2020-ல் சென்னை கண்ணகி நகரில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் மாநகராட்சியும் சேர்ந்து செய்த வேலையைப் பார்த்தவர்களுக்கு அதன் வேகம் தெரியும். சாரம் கட்டி, சுவரில் கட்டம் போட்டு வரைந்தால் சில நாளில் கட்டடமே ஆள் மாறிவிடும். மற்ற இரண்டோடு பார்த்தால் செலவும் அதிகமில்லை. ஆனால் படத்தைப் பற்றிப் பேசும் முன் சுவரைப் பார்க்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் யாரும் பார்க்கவில்லை. மேற்குப் பார்த்த சுவர். தரையிலிருந்து இரண்டடிக்கு ஈரம் ஏறி உப்புப் பூத்திருந்தது. சுரண்டாமல் அதன் மேலேயே பெயிண்ட் அடித்தார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்தபோது படத்திலிருந்த நாட்டியப் பெண்ணுக்குக் கணுக்கால் இல்லை. விரல் வைத்தால் செதில் செதிலாக உரிந்து வந்தது. வரைந்தவர்கள் வெளியூர் ஒப்பந்தக்காரர்கள் என்பதால் சரிசெய்யவும் ஆளில்லை.

கருங்கல்லுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மாமல்லபுரத்துச் சிற்பிகளிடம் சொன்னால் போதும், நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கும். 2017-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. தரத்தில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு கன மீட்டர் கருங்கல் இரண்டரை டன்னுக்கு மேல் எடை. அடித்தளம் போட வேண்டும், கிரேன் வர வேண்டும். வந்து இறங்கிய அன்று மாணவர்கள் செல்ஃபி எடுப்பார்கள். அப்புறம் அவர்கள் செய்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

என் ஓட்டு மண்ணுக்கு. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனார் கோயில் குதிரைகளைச் செய்யும் குயவர்களான வேளார்களை ஒரு பருவத்துக்கு வளாகத்துக்கே அழைக்கலாம். களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து காலால் மிதிப்பார்கள். முதலில் நான்கு கால்கள், உள்ளே வெற்றிடமான உருளைகளாக எழும்பும். அவை சற்று இறுகினால்தான் மேலே வயிறு ஏறும். அவசரப்பட்டால் முழங்கால் மடங்கிவிடும். பிறகு கழுத்து, தலை, கழுத்துமணி. நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு வைக்கோல், வரட்டி, விறகு போட்டுச் சூளை. மண் மிதிப்பதிலிருந்து சூளைக்குக் காவல் இருப்பது வரை மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. பொறியியல் கல்லூரியாக இருந்தால் இன்னும் நல்லது. விரிசல் ஏன் விடுகிறது என்று அவர்களே தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

கல்லூரியில் மண் வேலை என்பது புதுசும் இல்லை. வங்கத்தில் தாகூர் தொடங்கிய சாந்திநிகேதனில் 1930-களில் ஓவியர் நந்தலால் போஸும் சிற்பி ராம்கிங்கர் பைஜும் மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கிய 'காலோ பாரி' (கருப்பு வீடு) மண் கட்டடம்தான். சுவரெல்லாம் புடைப்புச் சிற்பம், மழைக்குத் தாங்கக் கருப்பாகத் தார்ப்பூச்சு. அது மாணவர் விடுதி. சிற்பத்துக்குள்ளேயே படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். அதே வளாகத்தில் 1938-ல் ராம்கிங்கர் செய்த சந்தால் பழங்குடிக் குடும்பச் சிற்பமும் வெண்கலம் இல்லை. சிமென்டும் செம்மண் சரளையும்தான்.

குதிரை என்றால் சாமி சமாச்சாரம் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். சரி, மாணவர்கள் வேறு உருவம் சொல்லட்டும். ஆமை, பேருந்து, எதுவானாலும் வேளார் கைக்கு வரும். வேலையை மழை முடிந்து தை மாதம் தொடங்க வேண்டும். வைக்கும் இடம் முன்வாசல் வேண்டாம், கேன்டீன் பக்கத்து வேப்பமரத்தடி போதும்.

மண் உடையுமே என்றும் கேட்பார்கள். உடையும். புரவி எடுப்புத் திருவிழாவின்போது ஊரார் புதுக்குதிரைகளைத் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். பழையவற்றை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. காதில்லாமலும் வாலில்லாமலும் அவை வரிசையில் நிற்க, பக்கத்தில் புதியது வந்து சேரும். வேப்பமரத்தடியிலும் அப்படியே விடலாம். அடுத்த பேட்ச் அடுத்ததைச் செய்யட்டும்.