லென்கோ எல்75: ஒன்பது வருஷமும் முதல் இருபது நிமிஷமும்

டொரொன்டோவில் இருக்கும் கூட்டாளி போன வாரம் ஒரு படம் அனுப்பினான். பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் லென்கோ எல்75 என்ற பழைய இசைத்தட்டு மெஷின் ஒன்று கிடக்கிறதாம். "நீ ஒன்பது வருஷமா வச்சிருக்கிறாய், வாங்கலாமா மச்சான்?" என்று கேள்வி. கேட்ட நேரம் சரியில்லை. மூன்றாவது தடவையாக மோட்டரைக் கழற்றிக் குசினி மேசையில் பரப்பி வைத்திருந்தேன், விரலெல்லாம் ஒயில், மனைவி முகத்தில் ஒரு பார்வை. ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை, அதனால் இது.

மெஷினைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1967இல் வந்த மொடல், செய்த ஊர் இங்கே சுவிஸில் இருக்கும் பேர்க்டோர்ஃப், பேர்னில் இருந்து ரயிலில் கால் மணி நேரம். இங்கே புரோக்கி என்று சொல்லும் பழைய சாமான் கடையில் 90 பிராங்குக்கு எடுத்தேன். சுற்றுகிற தட்டு மட்டும் ஏறக்குறைய 4 கிலோ, பஸ்ஸில் கொண்டுவந்ததற்கு இரண்டு நாள் நாரி வலி. பெல்ட் கிடையாது. மோட்டரின் தண்டு கூம்பு மாதிரி இருக்கும், அதன்மேல் ஒரு றப்பர்ச் சில்லு நிமிர்ந்து நின்று தட்டை அடிப்பக்கத்தில் உருட்டும். லீவரைத் தள்ளினால் சில்லு கூம்பின் தடித்த பக்கத்துக்கோ மெல்லிய பக்கத்துக்கோ நகரும், அதற்கேற்ப வேகம் மாறும். நிமிஷத்துக்கு 16, 33, 45, 78 சுற்று என்று நான்கு இடத்தில் 'டக்' என்று பிடிக்கும், ஆனால் இடையில் எங்கே வேண்டுமென்றாலும் நிறுத்தலாம். வாங்கியதே அதற்காகத்தான்.

சரி, இனிக் குறை. குளிரில் கிடந்த மெஷினைப் போட்டால் முதலில் மந்தமாகச் சுற்றும், ஒயில் சூடேறச் சூடேற வேகம் கூடிக்கொண்டே வரும், இருபது நிமிஷம் கழித்துத்தான் ஓரிடத்தில் நிற்கும். ஐம்பது வருஷம் தாண்டிய மோட்டரிடம் இதைக் குற்றமாகச் சொல்வது நியாயமில்லைதான். ஆனால் 78 சுற்றில் ஓடுகிற பழைய 10 அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கணக்குப் பாருங்கள், ஆறு பக்கம் ஓடி முடியும் வரை சுருதிக்கு உத்தரவாதம் இல்லை. எனக்கு முதலில் இது தெரியவே தெரியாது. மகள் வாய்ப்பாட்டுப் பழகுகிறாள், ஒருநாள் சுருதிப் பெட்டியை நிறுத்தாமலே பக்கத்தில் வந்து இருந்தவள், "அப்பா, இது ஏறுது" என்றாள். 6 சதவீதம் வேகம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். இங்கே ஏறுவது இரண்டு சதவீதம்கூட வராது. அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து எனக்கும் கேட்கத் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு இதைச் செய்கிற ஆளைப் பிடிக்கிற வேலை. முதலில் மின்சாரத்தைச் சந்தேகப்பட்டேன், அதற்குக் காரணமும் இருந்தது. 2018 தொடக்கத்தில் சேர்பியா-கொசோவோ மின்சாரப் பிணக்கால் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு (மோட்டரின் வேகம் அதைப் பொறுத்தது) ஒரு பொட்டு இறங்கிக் கிடந்தது, எங்கள் அடுப்பில் இருக்கிற மணிக்கூடு ஆறு நிமிஷம் பிந்திப் போனது. கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு வாரம் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். பிறகுதான் கணக்குப் போட்டேன்: இறங்கியது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அது எந்தக் காதுக்கும் கேட்காது.

அப்போது இதே டொரொன்டோக்காரன்தான் உதவிக்கு வந்தான். வேகம் பார்க்கிற கோட்டுத் தாள் ஒன்றை அனுப்பினான், அச்சடித்துத் தட்டின்மேல் வைத்து ரியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கும். வீட்டில் எல்லாம் எல்ஈடி, அவற்றில் ஒழுங்கான துடிப்பு இல்லை. பழைய ரியூப்லைட் இருப்பது கட்டடத்தின் நிலவறையில் மட்டும். ஆகவே நாலு மாடி இறக்கி, சைக்கிளுக்கும் பனிச்சறுக்குப் பலகைக்கும் நடுவில் வைத்து, குந்தியிருந்து, கோடு நிற்கும் வரை லீவரைத் தள்ளினேன். மேலே கொண்டுவந்து போட்டால் நாயனம் நித்திரைத் தூக்கத்தில் வாசிக்கிற மாதிரி இருந்தது. அவன் அனுப்பியது கனடாவுக்கான தாள். அங்கே 60 ஹெர்ட்ஸ், 78க்கு 92 கோடு. இங்கே 50 ஹெர்ட்ஸ், 77 கோடு வேண்டும். அவனுடைய தாளில் கோடு நின்றபோது மெஷின் நிமிஷத்துக்கு 65 சுற்றுத்தான் சுற்றியிருக்கிறது, சுருதி ஒன்றரைக் கட்டை கீழே. இதை அவன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

சரியான தாளோடு மறுபடி நிலவறைக்குப் போனேன். கோடு நின்றது. மேலே வந்தால் இப்போது வேகம் கூட! மாசி மாதம், நிலவறை ஐஸ்பெட்டி மாதிரி, வீட்டுக்குள் ஹீற்றர். குளிரில் பிடித்த வேகத்தைச் சூட்டில் ஓட்டினால் வேறென்ன நடக்கும்?

திருத்துபவரிடம் கொடுத்த கதையையும் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். 180 பிராங் வாங்கினார், மெஷினின் விலையைப்போல இரண்டு மடங்கு. தட்டைத் தாங்குகிற அச்சுக் குழியில் ஒயில்தான் விட வேண்டும், மனிதர் கட்டிக் கிறீஸை அடைத்து அனுப்பிவிட்டார். இருபது நிமிஷம் நாற்பதாயிற்று. நானே மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மெல்லிய ஒயில் விட்டேன். மோட்டரின் தண்டைத் தாங்குகிற புஷ்ஷைச் சுற்றியுள்ள கம்பளித் துண்டுகள் காய்ந்து அட்டை மாதிரி இருந்தன, அவற்றையும் ஊறவைத்தேன். இப்போது மூன்றாவது தடவையும் செய்தாயிற்று, பன்னிரண்டு நிமிஷத்துக்கு வந்திருக்கிறது. ஊசி பூட்டிய கையைத் தாங்கும் இரண்டு றப்பர்க் கட்டைகள் வாங்கும்போதே புட்டு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தன, அந்த வயது றப்பர் அப்படித்தான். பித்தளையில் கடைந்தவை கிடைத்தன, போட்டேன், பிரச்சினை முடிந்தது.

தட்டுகள் மாமாவுடையவை, ஊரிலிருந்து சூட்கேஸில் சாரத்தால் சுற்றி வந்தவை, வழியில் உடைந்தது போக மிஞ்சியது பதினொன்று. அதில் ஒன்றை நானே பாழாக்கினேன். எல்பி என்ற பிளாஸ்ரிக் இசைத்தட்டைத் துடைக்கிற ஸ்பிரிட் கலவையால் துடைத்தேன், துணியில் கறுப்பு வந்தது. 78 தட்டு அரக்கில் செய்தது, அல்ககோலில் கரையும். வெறும் தண்ணீரும் ஒரு சொட்டுச் சோப்பும் போதும், அதுவும் லேபலில் படாமல். ஊசியும் வேறு வேண்டும், எல்பி ஊசி 78இன் அகன்ற பள்ளத்தின் அடியில் கிடந்து தேய்ந்து கரகரவென்று கத்தும்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் பாவம். அந்தப் பதினொன்றில் நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளையின் நாயனத் தட்டு ஒன்று இருக்கிறது. பாரி என்ற நீளமான, சுருதி குறைந்த நாயனத்தைப் பரப்பியவர் அவர். வேகம் ஏறினால் பாரி, சுருதி கூடிய குட்டை நாயனமான திமிரியாகிவிடும் என்று மகளுக்குப் பகிடியாகச் சொல்வேன். எந்தக் கட்டையில் வாசித்தார் என்று லேபலில் இல்லை, பதிவு செய்தவர்கள் 78இல்தான் ஓட்டினார்கள் என்றும் இல்லை. ஆகவே நாங்களே தீர்மானிக்கிறோம். அவள் சுருதிப் பெட்டியை இரண்டரைக் கட்டையில் வைப்பாள், நான் லீவரை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவேன், ஓரிடத்தில் நாயனத்துக்குச் சுருதி பிடிக்கிற ஒத்தும் பெட்டியும் ஒன்றாகிவிடும். அந்த நேரம் அறையில் யாரும் கதைப்பதில்லை. அடுத்த பக்கத்துக்குள் அது மறுபடி ஏறிவிடும், மறுபடி நகர்த்த வேண்டும். புது மெஷினில் பட்டன் அமத்தினால் வேகம் அப்படியே நிற்கும், இந்த வேலை எதுவும் இல்லை.

ஆகவே மச்சான், வாங்காதே. அங்கே 60 ஹெர்ட்ஸ், அது இங்கத்தைய 50 ஹெர்ட்ஸுக்கு அமைத்த மெஷின் என்றால் மோட்டர் ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும், 'டக்' என்று பிடிக்கிற இடமெல்லாம் பிழையாகிவிடும், லீவரைக் கீழே இறக்கி நீயே இடம் பார்க்க வேண்டும். உனக்கு அந்தப் பொறுமை இல்லை, கோட்டுத் தாளில் எத்தனை கோடு என்று எண்ணிப் பார்க்கவே பொறுமை இல்லாதவன் நீ. வேறு யாரும் எடுப்பதற்குள் அந்த ஆளிடம் சில்லு நல்லாயிருக்கா என்று மட்டும் கேள். றப்பர் வெடிக்காமல் இருந்தால் முழு மெஷினையும் எனக்கு வாங்கி வை, கோடைக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன். மனைவிக்குச் சொல்லாதே.