4 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்: திட்டிக்கொண்டே மறுபடியும் வாங்குகிற சாமான்

நண்பர் ஒருவரின் கேள்வி இது: லேப்டாப் மந்தமாகிவிட்டது, ஃபோனில் இடமில்லை, குடும்பப் படங்கள் பத்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே ஒரு டிரைவ் வாங்கி எல்லாவற்றையும் தீர்த்துக்கொள்ளலாமா?

முடியாது. கம்ப்யூட்டரை வேகப்படுத்துகிற டிரைவ் வேறு, படங்களைக் காத்து வைக்கிற டிரைவ் வேறு. முதலாவதில் பெரிய சிக்கல் இல்லை, சீக்கிரம் முடித்துவிடலாம். இந்தப் பதிவின் எரிச்சல் முழுவதும் இரண்டாவதைப் பற்றியது.

லேப்டாப்பில் இன்னும் ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தால், பெயர் தெரிந்த எந்த நிறுவனத்தின் சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிரைவ்; சாட்டா என்பது இணைப்பு வகை) போட்டாலும் ஆளே மாறிவிடும். நொடிக்கு 550 எம்பி என்ற உச்ச வேகத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. ஹார்ட் டிஸ்க்கின் முனை ஒரு தகவலைத் தேடிப் போய்ச் சேர 10 மில்லிநொடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. எம்.2 துளை (பட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்தால், சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை போடுங்கள். 3500 எம்பி மாடலுக்கும் 7000 எம்பி மாடலுக்கும் அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது, அதற்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். எம்.2 வடிவத்திலேயே சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. உங்கள் போர்டு எதை ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். அளவு 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். அதைப் பிடித்து வைக்கிற குட்டித் திருகு எஸ்எஸ்டி பெட்டியில் பெரும்பாலும் இருக்காது.

பழைய வட்டை அப்படியே நகலெடுக்க குளோன்சில்லா என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இயங்கினால் முன்பே நிறுத்திவிடுங்கள். மீட்புச் சாவியையும் குறித்து வையுங்கள். நகல் முடிந்ததும் பழைய வட்டைக் கழற்றிவிட்டுத்தான் முதல் முறை பூட் செய்ய வேண்டும். புதிதாக விண்டோஸ் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் நிறுவல் திரையில் டிரைவே தெரியாது. பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) விஎம்டி என்ற இன்டெல் சேமிப்பு வசதி இயங்குவதுதான் காரணம். இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் வைத்து ஏற்றினால் தெரிந்துவிடும். ஆயுளைப் பற்றியும் பலர் கவலைப்படுகிறார்கள். 1 டிபி டிஎல்சி வகை (ஓர் அறையில் மூன்று பிட் வைக்கிற சிப்) எஸ்எஸ்டிக்கு 600 டிபி எழுதலாம் என்பது வழக்கமான உத்தரவாதம். தினம் 30 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு 11 டிபிதான் ஆகும். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

படங்களையும் எஸ்எஸ்டியிலேயே வைத்துவிடலாமே என்றால், தினம் பயன்படுத்துகிற பிரதியை வைக்கலாம். மின்சாரமே இல்லாமல் அலமாரியில் கிடக்கப்போகிற பிரதிக்கு அது சரிப்படாது. சிப் தொழில்துறை அமைப்பான ஜெடெக்கின் தரநிலை வீட்டு எஸ்எஸ்டியிடம் கேட்பது இவ்வளவுதான்: எழுதும் ஆயுளை முழுக்கச் செலவழித்த பிறகு, 30 டிகிரியில், மின்சாரம் இல்லாமல் ஓர் ஆண்டு தகவலைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். புதிய டிரைவ் அதைவிட வெகுகாலம் தாங்கும்தான். ஆனால் எத்தனை காலம் என்று பெட்டியில் யாரும் அச்சடித்துத் தருவதில்லை. தவிர, எஸ்எஸ்டி பெரும்பாலும் முன்னறிவிப்பில்லாமல் ஒரேயடியாகப் போய்விடும். ஹார்ட் டிஸ்க் பல நேரங்களில் முனகிவிட்டுத்தான் போகும்.

ஆக, யூஎஸ்பியில் செருகுகிற 2.5 அங்குல போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க். 4 டிபி. சட்டைப்பையில் அடங்கும், தனி அடாப்டர் வேண்டாம், சத்தம் இல்லை. காலியாக இருக்கும்போது நொடிக்கு 120 எம்பிக்குக் குறையாமல் எழுதும். முதல் வாரம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

குறை அப்புறம் ஆரம்பிக்கும். பாதி நிறைந்த வட்டில் ஒரு வருடப் படங்களைப் போடுகிறீர்கள். சில பத்து ஜிபி வரை ஓட்டமாக ஓடும். பிறகு 40 எம்பி, 15 எம்பி, 3 எம்பி. சில நிமிடங்கள் பூஜ்யத்திலேயே நிற்கும். விளக்கு மட்டும் விடாமல் மினுக்கும். கேபிளை மாற்றுவார்கள், போர்ட்டை மாற்றுவார்கள், வைரஸ் என்பார்கள், கடைசியில் வட்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டிப் பிடுங்குவார்கள். நல்லபடியாக இருக்கும் வட்டில் தகவல் சிதைவது பெரும்பாலும் அந்தப் பிடுங்கலில்தான்.

வட்டு சாகவில்லை. அது எஸ்எம்ஆர் வட்டு. ஹார்ட் டிஸ்க்கில் எழுதும் முனை அகலமானது, படிக்கும் முனை ஒடுக்கமானது. அதனால் ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதினாலும், வெளியே தெரிகிற ஒடுங்கிய பகுதியைப் படித்துவிட முடியும். அதே தகட்டில் கூடுதல் கொள்ளளவு கிடைக்கிறது, உற்பத்தியாளருக்கு லாபம். நடுவில் ஒரு தடத்தைத் திருத்தி எழுதினால் பக்கத்துத் தடம் அழிந்துவிடும். ஆகவே அப்படி ஏறி உட்கார்ந்திருக்கும் தடங்களின் பட்டை முழுவதையும் படித்து, திருத்தி, மறுபடி எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் அதைச் செய்தால் தாங்காது என்பதால், வட்டு தனக்குள் ஒரு சிறு பகுதியைத் தற்காலிகக் கிடங்காக வைத்துக்கொள்கிறது. சிதறலாக எழுத வருகிற தகவல்கள் முதலில் அங்கே போகும். ஓய்வு கிடைக்கும்போது அவற்றை உரிய இடத்தில் அடுக்கும். கிடங்கு நிறைந்தால் உங்கள் நகல் காத்திருக்க வேண்டியதுதான்.

இதைத் தொழில்நுட்பமாகக் குறை சொல்ல முடியாது. மலிவாக, அடக்கமாக, அதிக இடம் வேண்டும் என்று கேட்டது நாம்தான். எரிச்சல் மூட்டுவது மௌனம். பெட்டியின் நாலு பக்கத்திலும் தேடுங்கள், எஸ்எம்ஆர் என்ற எழுத்து இருக்காது. 2020இல் என்ஏஎஸ் கருவிகளுக்கென்று (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் வட்டுப் பெட்டிகள்) விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டலின் டபிள்யூடி ரெட் வட்டுகளிலேயே 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று அம்பலமானது. அதன் பிறகுதான் பெரிய நிறுவனங்கள் மாடல் வாரியாகப் பட்டியல் வெளியிட்டன. இன்றும் அந்தப் பட்டியல் இணையதளத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. உங்களிடம் இருக்கும் வட்டைச் சோதிக்க ஒரு குறுக்குவழி: வட்டின் விவரங்களைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள். சுழலும் வட்டுக்கு ‘டிரிம்’ வசதி (எந்த இடம் அழிக்கப்பட்டது என்று வட்டுக்குத் தெரிவிப்பது) இருப்பதாகக் காட்டினால் அது எஸ்எம்ஆர் என்று ஏறக்குறைய உறுதி. காட்டாவிட்டால் இல்லை என்று அர்த்தமாகாது. 2.5 அங்குலத்தில் 2 டிபியும் அதற்கு மேலும் என்றால் ஏறக்குறைய எல்லாமே எஸ்எம்ஆர்தான், தேடி அலைய வேண்டாம்.

இந்த வட்டோடு சமாதானமாக வாழ ஒரே வழி, அது விரும்புகிறபடி எழுதுவது: பெரிய கோப்பாக, ஒரே ஓட்டமாக, ஒரு முறை எழுதிவிட்டு அப்புறம் கைவைக்காமல். ஃபோனிலிருந்து நேராக இதற்குள் நகலெடுக்காதீர்கள். முதலில் கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டிக்குக் கொண்டு வாருங்கள். ஐஃபோனில் படங்களுக்கான அமைப்பில் ‘அசலை அப்படியே வைத்திரு’ என்ற தேர்வு இல்லாவிட்டால், விண்டோஸுக்கு நகலெடுக்கும்போது போகிற போக்கிலேயே ஜேபெக்காக மாற்றப் பார்க்கும். பாதியில் பிழை காட்டி நிற்பது பெரும்பாலும் இதனால்தான். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அசல் என்று நம்பிவிடாதீர்கள். அது சுருக்கப்பட்டது, எடுத்த தேதி போன்ற விவரங்கள் உரிக்கப்பட்டது.

எஸ்எஸ்டியில் வைத்து ஆண்டு, மாதம் என்று பிரித்து, இரட்டைப் படங்களைக் கழித்து, பெயரிட்டு முடியுங்கள். பிறகு மாதம் ஒரு முறை மொத்தமாகப் போர்ட்டபிளுக்கு அனுப்புங்கள். ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் என்றால் சுருக்காத ஜிப் கோப்பாக, மாதத்துக்கு ஒன்றாகக் கட்டி அனுப்பினால் வேகம் பல மடங்கு கூடும். ஒரு ஜிப் கெட்டால் அந்த மாதம் முழுவதும் போகும் என்ற ஆபத்து இருக்கிறது. இரண்டாவது பிரதி இருக்கிறவர்களுக்கு மட்டும் இந்த உத்தி. நகல் முடிந்ததும் ‘பாதுகாப்பாக அகற்று’ கொடுக்கும் முன் அரை மணி நேரம் அப்படியே செருகி வைத்திருங்கள். கிடங்கைக் காலி செய்ய அதற்கு அவகாசம் வேண்டும். விண்டோஸ் தேடல் அட்டவணையை இந்த வட்டுக்கு நிறுத்திவிடுங்கள். படங்களை இதில் வைத்தே எடிட் செய்வது, டோரன்ட் இறக்குவது, கேம் நிறுவுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஃபார்மட் விஷயத்தில் விண்டோஸ் மட்டும் பயன்படுத்துகிறவர்கள் என்டிஎஃப்எஸ் வைத்துக்கொள்ளுங்கள். மேக்கிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட். ஆனால் அதில் மாற்றக் குறிப்பேடு (செய்யப்போகிற மாற்றத்தை முன்பே குறித்து வைக்கும் பதிவு) கிடையாது; எழுதும்போது கேபிள் கழன்றால் கோப்புறையே காணாமல் போகலாம்.

கேபிள் என்றதும் அடுத்த கோபம். பல போர்ட்டபிள்களில் இன்னும் அந்தத் தட்டையான, அகலமான மைக்ரோ-பி சாக்கெட்தான். லேசாக அசைந்தாலே துண்டித்துக்கொள்ளும். நிறைய மாடல்களில் அந்த யூஎஸ்பி சாக்கெட் வட்டின் சர்க்யூட் போர்டிலேயே நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும், உள்ளே சாட்டா இணைப்பே இருக்காது. சாக்கெட் உடைந்தால் கழற்றி வேறு பெட்டியில் போட்டுப் படிக்கலாம் என்ற கதை நடக்காது. சில மாடல்கள் நீங்கள் கடவுச்சொல் வைக்காவிட்டாலும் போர்டிலேயே குறியாக்கம் செய்துதான் எழுதும். அங்கே போர்டு போனால் மீட்பவருக்கும் தலைவலி. லேப்டாப்பிலிருந்து கழற்றிய பழைய வட்டை ஒரு சாட்டா பெட்டிக்குள் போட்டு வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் பாக்கியசாலிகள். பெட்டி வாங்குமுன் தடிமன் பாருங்கள்: 7, 9.5 மிமீ பெரும்பாலானவற்றில் நுழையும், 15 மிமீ பெரும்பாலும் நுழையாது.

வாங்கியதும் முதல் வேலை, முழுப் பரப்பையும் எழுதிப் படித்துப் பார்ப்பது. அதற்கு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் போதும். சராசரி 100 எம்பி என்று வைத்தால் 4 டிபி எழுத 11 மணி நேரம், படிக்க இன்னொரு 11. அலுப்பாக இருக்கும், செய்யுங்கள். நம்ப முடியாத விலைக்கு ‘16 டிபி’ என்று வருகிற கைக்கடக்கமான எஸ்எஸ்டிகளின் குட்டும் இதே சோதனையில்தான் உடையும்: பொய்க் கொள்ளளவு காட்டும்படி டிரைவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைத் திருத்தியிருப்பார்கள், உள்ளே இருப்பது ஒரு மெமரி கார்டு. 4 டிபி வாங்கினால் விண்டோஸ் 3.63 என்று காட்டுவது மோசடி இல்லை. கணக்கிடும் அலகு வேறு, அவ்வளவே.

பிறகு மாதாமாதம் ஸ்மார்ட் எண்கள்: வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைப்பவை, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவிலேயே தெரியும். கெட்ட பகுதிகளை எண்ணும் 5, 197, 198 மூன்றின் மூல மதிப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 ஏறினால் அன்றே நகலெடுக்கத் தொடங்குங்கள். சரிசெய்யும் மென்பொருளை ஓடவிட்டு வட்டை மேலும் வதைக்காதீர்கள். சாட்டாவில் நேரடியாக மாட்டிய வட்டில் தகவல் கடத்தும் பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. இதைக் கவனிக்காமல் நல்ல வட்டைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

வீட்டில் இடமும் மின் இணைப்பும் இருந்து, வட்டு ஒரே இடத்தில் உட்காரப் போகிறது என்றால் 3.5 அங்குல சிஎம்ஆர் வட்டு (தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல் எழுதுவது) எல்லா விதத்திலும் மேல். டபிள்யூடியின் ரெட் பிளஸ், சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் வரிசைகளில் இந்தச் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதற்குத் தனி அடாப்டர், தனிப் பெட்டி. இந்த ஏற்பாடு மேசையை விட்டு நகராது. நகராத பிரதி, வீட்டில் திருடு போனாலோ தண்ணீர் புகுந்தாலோ கம்ப்யூட்டரோடு சேர்ந்து போகும்.

அதனால் நண்பருக்குப் பதில். இந்தப் போர்ட்டபிளுக்கு மதிப்பெண் 5க்கு 2. அதுவும் சத்தமில்லாமல் இருப்பதற்கு. வாங்கலாமா என்றால், வாங்குங்கள், இரண்டாக. இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே மாடல் வேண்டாம். ஒரே தொகுதியாகத் தயாரான வட்டுகள் ஒரே கோளாறில் அடுத்தடுத்துப் போகக்கூடும். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ இருக்கட்டும்; போகும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றோடும் அதன் கேபிளையும் சேர்த்துக் கட்டி வையுங்கள். அந்தச் சனியன் பிடித்த மைக்ரோ-பி கேபிள் அவசரத்துக்கு யார் வீட்டிலும் இருக்காது.