‘கம்ப்யூட்டரோடு ரெடி செட்’ சிஎன்சி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கம்ப்யூட்டர் கட்டளைப்படி மரம் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர், 6040 அளவு (600 x 400 மி.மீ.), வெட்டும் பிட்டைச் சுழற்றும் 1.5 கிலோவாட் ஸ்பிண்டில், இயந்திரத்தை ஓட்டும் மாக்3 மென்பொருள் ‘ஒரிஜினல் லைஃப்டைம் லைசென்ஸ்’ஸோடு போட்ட கம்ப்யூட்டர். எல்லாம் சேர்த்து ஒரே விலை, வீட்டில் வைத்து பிளக்கைச் செருகினால் ஓடும் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு செட்டைப் பிரித்துப் பார்த்ததில் தெரிய வந்ததை எழுதுகிறோம். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். இதே சரக்கு பல பெயர்களில் சுற்றுகிறது.

சட்டம், பால் ஸ்க்ரூ (அச்சை நகர்த்தும் திருகு), ரெயில் இவற்றில் பெரிய குறை சொல்ல முடியாது. கோளாறெல்லாம் கம்ப்யூட்டரிலும் மின் பகுதிகளிலும்தான், முக்கியமாகக் கம்ப்யூட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் பெட்டியில். வாங்க வருகிறவர் இயந்திரத்தைத்தான் தடவிப் பார்ப்பார், பெட்டியைத் திறக்கச் சொல்ல மாட்டார் என்று விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் கம்ப்யூட்டர். கடையில் டெமோ ஓடியது அவர்களுடைய பழைய டெஸ்க்டாப்பில். வீட்டுக்கு வந்தது வேறொன்று, அதில் 64 பிட் விண்டோஸ். மாக்3-இன் பேரலல் போர்ட் (பழைய கம்ப்யூட்டர்களில் பிரிண்டர் செருகும் 25 பின் இணைப்பு) டிரைவர் மென்பொருள் 32 பிட் விண்டோஸில் மட்டுமே வேலை செய்யும். விண்டோஸ் 7-க்கு மேல் அதற்கு வழியே இல்லை. கேட்டால், “யுஎஸ்பி டு பேரலல் கேபிள் ஒன்று வாங்கிப் போடுங்க சார்” என்று பதில். அந்தக் கேபிள் பிரிண்டருக்கானது. மோட்டாரை ஒவ்வொரு அடியாக நகர்த்தும், மைக்ரோசெகண்ட் கணக்கில் துல்லியமாகப் போக வேண்டிய ஸ்டெப் பல்ஸ் அதில் போகவே போகாது. அந்தக் கேபிளை யாராவது பரிந்துரைத்தால் அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். டெமோ ஓடும் கம்ப்யூட்டரின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து, அதே எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

லைசென்ஸ் சோதனை சுலபம். மாக்3-இல் ஹெல்ப் மெனுவில் அபவுட் திறந்தால் யார் பெயரில் லைசென்ஸ் என்று காட்டும். உங்கள் பெயர் இல்லாமல் ஏதோ வெளிநாட்டுப் பெயர் இருந்தால் அது திருட்டுக் காப்பி. ஆன்ட்டிவைரஸை நிறுத்தி வைக்கச் சொன்னாலும் அதே சந்தேகம்தான். அந்த லைசென்ஸ் ஃபைல் அழிந்த அன்றைக்கே மென்பொருள் டெமோ நிலைக்குப் போய்விடும், ஜி-கோடு எனும் இயந்திரக் கட்டளைகளில் 500 வரிக்கு மேல் ஓடாது. சாமி படம் மாதிரி ஒரு 3டி செதுக்கல் லட்சம் வரிகளைத் தாண்டும். எனவே பல ஆயிரம் வரியுள்ள ஃபைல் ஒன்றை பென்டிரைவில் கொண்டுபோய், ஸ்பிண்டிலை உயர்த்தி வைத்துக் காற்றிலேயே ஓட்டச் சொல்லுங்கள்.

அடுத்து டிரைவர், அதாவது மோட்டார்களை ஓட்டும் மின் போர்டு (மேலே சொன்ன மென்பொருள் டிரைவர் வேறு). விளம்பரத்தில் ‘மூன்று தனித்தனி டிபி6600’. பெட்டிக்குள் இருந்தது டிபி6560 சிப் மூன்றை ஒரே பலகையில் வைத்த மலிவு நீல போர்டு, அதோடு 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (மின் சப்ளை). அந்தச் சிப்புக்குத் தயாரிப்பாளர் சொல்லும் இயக்க வரம்பு 34 வோல்ட், தாங்கும் உச்சம் 40. மோட்டார் வேகத்தைக் குறைக்கும்போது அதிலிருந்து மின்சாரம் திரும்பி ஏறும். 36-இல் ஓடும் சப்ளை 40-ஐத் தொட அது போதும். சிப் புகைந்தால் “நீங்க ஓவர்லோடு பண்ணிட்டீங்க” என்பார்கள். இந்த போர்டுக்கு 24 வோல்ட்தான் நிம்மதி. தனித்தனியாகக் கிடைக்கும் கறுப்புப் பெட்டி ‘டிபி6600’களிலும் ஒரு விஷயம் உண்டு. ஸ்விட்ச் அட்டவணையில் 32 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை 32 துண்டாகப் பிரிப்பது) இருந்தால் உள்ளே வேறு சிப், பெரும்பாலும் டிபி67எஸ்109. உண்மையான டிபி6600-க்கு 16 வரைதான். அது மோசமான சிப் இல்லை, பெயர்தான் பொய்.

நீல போர்டில் இதைவிடப் பெரிய தொல்லை, ஸ்டெப் வரும் வழியில் மெதுவான ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் பாகம்) போட்டிருப்பது. பல்ஸின் ஓரம் மழுங்கி, திசை மாறும் நேரத்தில் ஒரு ஸ்டெப் தப்பாகப் போகும். சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் ஸ்க்ரூ, 8 மைக்ரோஸ்டெப் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 320 ஸ்டெப். ஒரு ஸ்டெப் போனால் 0.003 மி.மீ., கண்ணுக்கே தெரியாது. ஆனால் 5000 முறை போய்வரும் செதுக்கலில் அதுவே 15 மி.மீ. சறுக்கல். கடையில் வெட்டிக் காட்டும் சின்னப் பெயர்ப் பலகையில் இது வெளிப்படவே வெளிப்படாது. வீட்டில் முழு வேலை ஓடும்போதுதான் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வரும். அப்போது பழி உங்கள் டிசைன் ஃபைல் மேல் விழும்.

கடையிலேயே பிடிக்க ஒரு வழி. டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) எக்ஸ் அச்சில் முட்டவைத்து முள்ளைப் பூஜ்ஜியத்தில் நிறுத்துங்கள். கேஜிலிருந்து விலகி 2 மி.மீ. போய்த் திரும்பும் சப்புரோகிராம் ஒன்றை 1000 தடவை ஓட்டுங்கள், வேகம் நிமிடத்துக்கு 1000 மி.மீ. சில நிமிட வேலைதான். சுற்றுக்கு ஒரு ஸ்டெப் போனால் கடைசியில் முள் 3 மி.மீ. தள்ளி நிற்கும். அப்படி நின்றால் மாக்3-இன் மோட்டார் அவுட்புட் பக்கத்தில் ‘ஸ்டெப் லோ ஆக்டிவ்’ குறியை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். சரியானால் வெறும் செட்டிங் தவறு. சரியாகாவிட்டால் போர்டைத் திருப்பிக் கொடுங்கள். இந்தப் புரோகிராம் சில வரிகள்தான் என்பதால் டெமோ மாக்3-இலும் ஓடிவிடும், லைசென்ஸுக்கு இது சோதனை ஆகாது. பிழை திருப்பங்களின் எண்ணிக்கையோடு கூடாமல், அச்சு நகரும் தூரத்தோடு கூடினால் அது ஸ்டெப் கணக்கு தப்பு, திருத்தக்கூடியது. ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் கண்டபடி எகிறினால் மின் இரைச்சல்.

அந்த இரைச்சலுக்கு முக்கியக் காரணம் இந்த செட்டிலும் இருந்தது. ஸ்பிண்டில் சாக்கெட்டில் எர்த்துக்கான நாலாவது பின் அதன் உடம்போடு இணைக்கப்படவில்லை, கேபிளுக்கு ஷீல்டும் இல்லை. மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டில் உடம்புக்கும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பாருங்கள். பீப் வராவிட்டால் ஷாக் அடிக்கும் அபாயமும் சேர்ந்தே இருக்கிறது.

சிவப்பு எமர்ஜென்சி பட்டன் பேரலல் போர்ட்டின் 10-ஆம் பின்னுக்கு மட்டும் போயிருந்தது. கம்ப்யூட்டர் தொங்கிவிட்டால் அந்தப் பட்டன் வெறும் அலங்காரம். கான்டாக்டர் (பெரிய மின்சார ஸ்விட்ச்) வழியாக ஸ்பிண்டிலின் விஎஃப்டிக்கும் (வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி) டிரைவருக்கும் போகும் மின்சாரத்தை அது நேரடியாக வெட்ட வேண்டும். இதில் மட்டும் ‘பிறகு செய்து தருகிறோம்’ என்பதை ஏற்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் இயந்திரத்தைக் காயலான் கடைக்குப் போட வேண்டியதில்லை. பேரலல் போர்ட் உள்ள டெஸ்க்டாப் இருந்தால், மாக்3-க்குப் பதிலாக லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள் இலவசம். அதிலுள்ள லேட்டன்ஸி டெஸ்டை (கம்ப்யூட்டர் நேரம் தவறுகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டு, கூடவே வீடியோ, பிரவுசர் என்று கம்ப்யூட்டரைத் திணறடித்துப் பாருங்கள். உச்ச ஜிட்டர் (நேரப் பிசகு) 20,000 நானோசெகண்டுக்குள் இருந்தால் அருமை. லட்சத்தைத் தாண்டினால் அந்தக் கம்ப்யூட்டர் ஆகாது. லேப்டாப்தான் இருக்கிறதென்றால் ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் கிர்பிள் 1.1 மென்பொருளைப் போடலாம். அதன் 30 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 30,000 ஸ்டெப்), மேலே சொன்ன 320 கணக்கில் நிமிடத்துக்கு 5600 மி.மீ. வரை தரும், இந்த இயந்திரத்துக்குத் தாராளம். இரண்டுக்குமே நல்ல டிரைவர் மூன்று தனியாக வாங்கத்தான் வேண்டும்.

புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் உண்டு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஒரு கண்ணி இருக்கிறது: ‘ஜிஎஸ்டி கிரெடிட் கிடைக்கும்’ என்று ஆசை காட்டிக் கம்பெனி பெயரில் பில் போடுவார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கினால் மட்டும் விலக்கு உண்டு. வீட்டுப் பட்டறைக்கு வாங்குகிறவர்கள் சொந்தப் பெயரில், டிரைவர் மாடல், எஸ்எம்பிஎஸ் வோல்ட், லைசென்ஸ் யார் பெயரில் என்ற மூன்றையும் எழுதிய பில் வாங்குங்கள். ‘சிஎன்சி செட் – 1’ என்று ஒற்றை வரியில் போட்ட பில்லை வைத்துக்கொண்டு, எந்த போர்டு தருவதாகச் சொன்னார்கள் என்று நிரூபிக்க முடியாது.