ஸ்னேக், மெக்லவுட், மர்ஃபி: யாருடைய மறுவருகை அதிகம் ஏமாற்றியது?

ஹாலிவுட் சண்டைப் படங்களில் எது மிக மோசமான இரண்டாம் பாகம் என்ற பேச்சு எழுந்தால், கேட்டவர் வாயை மூடுமுன்பே ‘ஹைலாண்டர் 2’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலைத் தவறென்று சொல்ல முடியாது. அவசரப் பதில் என்று சொல்லலாம். ஒரு படம் எவ்வளவு மோசமாக எடுக்கப்பட்டிருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதைப் பார்த்து முடித்தபின் முதல் படத்தின் மீது நமக்கிருந்த பிரியம் எவ்வளவு குறைந்தது என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டாவது அளவுகோலை வைத்துக்கொண்டு ‘எஸ்கேப் ஃப்ரம் எல்.ஏ.’, ‘ஹைலாண்டர் 2’, ‘ரோபோகாப்’ படத்தின் இரு தொடர்ச்சிகள் ஆகியவற்றை அருகருகே நிறுத்திப் பார்த்தால், வரிசை வேறு மாதிரி அமைகிறது.

ஜான் கார்பென்டர் 1981இல் ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’ படத்தைச் சுமார் 60 லட்சம் டாலரில் எடுத்தார். 1997ஆம் ஆண்டில் மன்ஹாட்டன் தீவு முழுவதும் ஒரு சிறைச்சாலையாகிவிட்டது என்பது கதை. இருண்டு அழுகிய நியூயார்க்கைக் காட்டுவதற்கு, தீயில் அழிந்து கேட்பாரற்றுக் கிடந்த செயின்ட் லூயிஸ் பகுதித் தெருக்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அங்கே சிக்கிய அதிபரை மீட்க அனுப்பப்படும் குற்றவாளி ஸ்னேக் பிளிஸ்கின் (கர்ட் ரஸ்ஸல்) ஓட்டிவரும் கிளைடரின் திரையில் நகரக் கட்டடங்கள் ஒளிக்கோடுகளாக ஓடுமே, அதைக் கணினியில் செய்யப் பணம் கிடையாது. அதனால் கட்டடங்களின் சிறு மாதிரிகளைச் செய்து, கறுப்பு வண்ணம் பூசி, ஓரங்களில் ஒளிரும் பட்டைகளை ஒட்டி, அவற்றின் இடையே கேமராவை ஓட்டிப் படம் பிடித்தார்கள். இன்று பார்த்தாலும் அந்தக் கோடுகளை நம்ப முடிகிறது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1996இல், அதே கார்பென்டருக்கும் அதே கர்ட் ரஸ்ஸலுக்கும் 5 கோடி டாலர் கிடைத்தது. இம்முறை கணினி வரைகலைக்குப் பணம் இருந்தது. திரையில் வந்த நீர்மூழ்கியோ குளியல் தொட்டியில் மிதக்கும் பொம்மையைப் போல இருந்தது. பேரலை ஒன்றின் மீது ஸ்னேக் பலகை கட்டிச் சறுக்கிப்போகும் காட்சியில், அவருக்குப் பின்னால் இருப்பது கடல் என்று படமே நம்பியிருக்காது. கையால் செய்த பொய்க் கணினி மெய்யாகத் தெரிந்ததும், மெய்யான கணினி பொய்யாகத் தெரிந்ததும் இவ்விரு படங்களுக்கு இடையிலான தூரத்தைக் காட்டப் போதுமானவை. அமெரிக்காவில் இரு படங்களும் வசூலித்தது ஏறத்தாழ ஒரே தொகை, சுமார் 2.5 கோடி டாலர். முதலாவதற்கு அது வெற்றி, இரண்டாவதற்குப் பெரும் நட்டம்.

ஆனால் வரைகலையைக் காட்டிலும் உறுத்துவது கதையின் அச்சு. முதல் படத்தில் கழுத்து நாளங்களில் வெடிகுண்டு, கெடு 22 மணி நேரம். இரண்டாவதில் உடம்பில் நச்சுக்கிருமி, கெடு அதில் பாதிகூட இல்லை. அங்கே காணாமற்போனவர் அதிபர், இங்கே அதிபரின் மகள். அங்கே ஒரு கேசட் தேவைப்பட்டது, இங்கே ஓர் ஆயுதத்தை இயக்கும் கருவி. அங்கே வளையத்துக்குள் மல்யுத்தம், இங்கே உயிரைப் பணயம் வைத்துக் கூடைப்பந்து. பெயர்களை மட்டும் அடித்துத் திருத்திய பழைய வினாத்தாளைப் போல இருக்கிறது. அந்தக் கூடைப்பந்துக் காட்சியில் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பந்தை எறிந்து கூடையில் விழச்செய்ததை ரஸ்ஸல் தாமே, எந்தத் தந்திரமும் இன்றிச் செய்தார் என்பது தனிச் சிறப்பு. பாவம், சுற்றிலும் எல்லாமே போலியாக இருக்கும் படத்தில் அதையும் யாரும் நம்பவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் படத்தின் மீது எனக்குக் கோபம் வராததற்கு முடிவுக் காட்சியே காரணம். முதல் படத்தின் இறுதியில், மீட்கப்பட்ட அதிபர் தொலைக்காட்சி உரைக்காக முகம் திருத்திக்கொண்டிருக்கும்போது, உங்களுக்காகச் செத்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஸ்னேக் கேட்கிறான். அதிபர் மரியாதைக்கு ஏதோ ஓரிரு சொற்களை முணுமுணுக்கிறார், அவ்வளவுதான். உலகையே காக்கவேண்டிய கேசட்டுக்குப் பதிலாக அவர் கையில் ஒரு பாட்டுக் கேசட் இருப்பதும், உண்மையான நாடாவை ஸ்னேக் உருவி எறிந்தபடி நடந்து போவதும் அந்த முணுமுணுப்புக்கான பதில்கள். இரண்டாம் படத்தில் அதே ஸ்னேக் உலகம் முழுவதன் மின்சாரத்தையும் அணைத்துவிட்டு, இருட்டில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துச் சிகரெட்டைப் பற்றவைக்கிறான். முதல் படம் தொடங்கிவைத்த வெறுப்பை அதன் எல்லைவரை கொண்டுபோய் விடும் முடிவு இது. இதில் மட்டுமாவது கார்பென்டர் தம்மைத் தாமே நகலெடுக்கவில்லை.

‘ஹைலாண்டர்’ விஷயம் வேறு. ஆஸ்திரேலியரான ரஸ்ஸல் மல்காஹி, பாட்டு வீடியோக்கள் எடுத்துப் பெயர் பெற்றவர். 1986இல் அவர் எடுத்த முதல் ‘ஹைலாண்டர்’ அமெரிக்கத் திரையரங்குகளில் சுமார் 60 லட்சம் டாலரோடு சுருண்டு, பிறகு வீடியோ கேசட் வழியாகத் தன் ரசிகர்களைத் தேடிக்கொண்டது. நியூயார்க் வீட்டு மீன்தொட்டிக்குள் மெல்ல மேலேறும் கேமரா, நீர்ப்பரப்பைக் கடந்து தலையை நீட்டும்போது, நாம் நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்காட்லாந்து ஏரியில் ஒரு படகின் அருகே இருக்கிறோம். காலம் என்பது தண்ணீரின் மேற்பரப்பு அளவுக்கே மெல்லியது என்று வசனம் இல்லாமல் சொன்ன அந்த நொடிக்காகவே படத்தை மீண்டும் மீண்டும் பார்த்தவர்கள் உண்டு. தலை துண்டிக்கப்பட்டாலன்றிச் சாகாத, ஒருவரையொருவர் வேட்டையாடும் இந்த வாள்வீரர்கள் யார், ஏன் இப்படிப் பிறந்தார்கள் என்ற கேள்விக்குப் படம் பதில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இறுதியில் ஒருவனே எஞ்சுவான் என்பது விதி; அந்த ஒருவனாகக் கானர் மெக்லவுட் எஞ்சி, மனிதனாகி, முதுமையையும் பரிசாகப் பெற்றுக்கொண்டான். கதவைச் சாத்தித் தாழிட்டுச் சாவியையும் தூக்கியெறிந்த கதை இது.

1991இல் வந்த இரண்டாம் பாகம் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது: அவர்கள் ஸைஸ்ட் என்னும் வேற்றுக் கிரகத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களாம். 2024ஆம் ஆண்டு, ஓசோன் படலம் அழிந்து, செயற்கைக் கவசத்தின் கீழ் சிவந்த இருளில் பூமி வெந்துகொண்டிருக்கிறது; கவசத்தை அமைத்த கிழவன் நம் கானர் மெக்லவுட். முதல் படத்தில் தலை துண்டிக்கப்பட்டு இறந்த தன் ஆசான் ராமிரெஸை இவன் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாத்திரத்தில், அந்த வேடத்தில் நடித்த ஷான் கானரி ஸ்காட்லாந்து நாடக மேடை ஒன்றில், ‘ஹாம்லெட்’ நடந்துகொண்டிருக்கும்போதே வந்து நிற்கிறார். தலை போனால் உயிர் போகும் என்ற ஒரே விதியின் மீது கட்டப்பட்ட கதையில், அந்த விதிக்கே விலக்கு அளித்தபின் வாட்சண்டைகளில் என்ன பதற்றம் மிஞ்சும்?

இதில் இயக்குநரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. செலவைக் குறைக்கலாம் என்று படப்பிடிப்பை அர்ஜென்டினாவில் வைத்தார்கள். அந்நாட்டுப் பொருளாதாரம் அப்போது விலைவாசி வெறியாட்டத்தில் சரிந்துகொண்டிருந்தது. செலவு கைமீறவே, படம் முடிக்கப்படும் என்று உத்தரவாதம் அளித்திருந்த நிறுவனம் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பின்னாளில் மல்காஹி காட்சிகளை மாற்றி அடுக்கி வெளியிட்ட பதிப்பில் வேற்றுக் கிரகம் அடியோடு நீக்கப்பட்டு, அவர்கள் பூமியின் மிகத் தொன்மையான காலத்திலிருந்து வந்தவர்கள் என்று மாற்றப்பட்டது. 1992இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரும் 1994இல் வந்த மூன்றாம் படமும், இப்படியொரு கிரகம் இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. குடும்பத்தார் அனைவரும் கூடிப் பேசாமல் மறந்துவிட்ட உறவினரைப் போல ஆகிவிட்டது ‘ஹைலாண்டர் 2’. இவ்வளவு பெரிய விபத்தால் முதல் படத்துக்கு நேர்ந்த நிலையான சேதம் மிகக் குறைவு என்று நான் கருதுவது இதனால்தான். இன்று மீன்தொட்டிக் காட்சியைப் பார்க்கும் எவருக்கும் ஸைஸ்ட் நினைவுக்கு வருவதில்லை.

மர்ஃபிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பால் வெர்ஹோவன் 1987இல் எடுத்த ‘ரோபோகாப்’ கல்ட் படங்களுள், அதாவது காலம் கடந்து தீவிர ரசிகர்களைச் சேர்த்துக்கொள்ளும் படங்களுள், விதிவிலக்கு, ஏனெனில் அது வெளியானபோதே ஓடியது. தணிக்கையில் கடுமையான தரக்குறியீட்டைத் தவிர்ப்பதற்காகப் பலமுறை வெட்டுப்பட்ட அந்த வன்முறைப் படத்தில் என்னை மிகவும் உலுக்கிய காட்சியில் துப்பாக்கியே வெடிப்பதில்லை. சுட்டுக் கொல்லப்பட்டு, ஒரு பெருநிறுவனத்தால் இயந்திரக் காவலனாக்கப்பட்ட மர்ஃபி, ஒருகாலத்தில் தான் குடியிருந்த வீட்டுக்குப் போகிறான். வீடு விற்பனைக்கு விடப்பட்டுக் காலியாகக் கிடக்கிறது. ஒரு திரையில் முகவர் ஒருவர் சிரித்தபடி வீட்டின் அருமை பெருமைகளை அளந்துகொண்டிருக்க, அறைக்கு அறை மனைவியும் மகனும் துண்டு நினைவுகளாக வந்து போகிறார்கள். இறுதியில் அவன் அந்தத் திரையைக் குத்தி உடைத்துவிட்டு வெளியேறுகிறான்.

1990இல் இர்வின் கெர்ஷ்னர் இயக்கிய இரண்டாம் பாகம் அந்த மனைவியைத் தொடக்கத்தில் அழைத்துவந்து, உன் கணவன் இறந்துவிட்டான் என்று மர்ஃபியையே சொல்லவைத்து, பிறகு அவளை முற்றிலும் மறந்துவிடுகிறது. ஆயினும் நிறுவனத்தார் அவன் மூளைக்குள் நற்பண்புக் கட்டளைகளைக் குவித்துவிட, பிணத்துக்குச் சட்ட உரிமைகளை வாசித்துக் காட்டும் அளவுக்கு அவன் மரியாதைக்காரனாகிவிடும் பகுதியில் பழைய நையாண்டி உயிரோடு இருக்கிறது. பில் டிப்பெட் குழுவினர் பொம்மைகளை அங்குலம் அங்குலமாக நகர்த்தி எடுத்த இறுதிச் சண்டையும் நன்று.

மூன்றாம் பாகத்தைச் சிறுவர்கள் பார்ப்பதற்கேற்ற தரக்குறியீட்டுக்காகத் திட்டமிட்டார்கள். படத்தைத் தயாரித்த ஓரியன் நிறுவனம் திவாலானதால் தாமதப்பட்டு 1993இல் வந்த அந்தப் படத்தில், முதல் இரு படங்களில் மர்ஃபியாக நடித்த பீட்டர் வெல்லர் இல்லை. கணினி மேதையான ஒரு சிறுமியும், ஜப்பானிய நிஞ்சா இயந்திரமும், மர்ஃபி முதுகில் மாட்டிக்கொண்டு பறக்கும் எந்திரமும் இருந்தன. படுகுழப்பமான ‘ஹைலாண்டர் 2’ போலன்றி, இந்தப் படத்தின் கதை எல்லாருக்கும் புரியும். இதில் எந்தக் காட்சியும் பின்னாளில் நீக்கப்படவில்லை, யாரும் இதற்காக வருந்தி மறுபதிப்பு வெளியிடவில்லை. பெருநிறுவனம் ஒரு மனிதனைப் பொருளாக்கி விற்பதைக் கேலிசெய்யப் பிறந்த கதாபாத்திரம், இங்கே எவ்விதக் கேலியும் இல்லாமல் பொம்மைக் கடைக்கு ஏற்ற பொருளாகிவிட்டது. காலி வீட்டில் திரையை உடைத்தவன்தான் இங்கே வானத்தில் பறந்துவருகிறான் என்பதை அடுத்தடுத்த இரவுகளில் இரண்டையும் பார்த்த எனக்கு ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதன்பின் முதல் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரும்புக் காலடி ஓசையோடு சேர்ந்து அந்தப் பறக்கும் எந்திரமும் எங்கோ ஓர் ஓரத்தில் தெரிகிறது.